மூணு மணிக்குக் கொட்டாவி, நாலு மணிக்குத் தலைவலி: ஆபீஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சென்னையில் கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட், ஓ.எம்.ஆர்., தி.நகர் மாடிகள் என்று எந்த ஆபீஸுக்குப் பராமரிப்பு வேலையாகப் போனாலும் எனக்கு வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். புகார் சொல்பவர் தீர்வையும் சேர்த்தே முடிவு செய்து வைத்திருப்பார்: "இன்னொரு ஏசி போட்டுடுங்க" அல்லது "ஆளுங்க சரியில்ல, சும்மா குறை சொல்றாங்க". இரண்டுமே பெரும்பாலும் தவறு. ஆட்கள் சும்மா குறை சொல்வதில்லை, அவர்கள் உடம்புக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். செலவு வைக்கிற வேலை கடைசியில்தான் வரும்.

கையில் வேண்டியவை: ஒரு ஊதுபத்தி, மெஷரிங் டேப், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர், முடிந்தால் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர். கடைசியாகச் சொன்னதை வாங்கும்போது என்.டி.ஐ.ஆர். சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து அளப்பது) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாத மலிவு மீட்டர்கள் பல, வேறு ஏதோ வாயுவை அளந்துவிட்டு உத்தேசமாக ஒரு எண்ணைக் காட்டும்.

மதியத்துக்கு அப்புறம், முக்கியமாக மீட்டிங் ரூமில், எல்லோருக்கும் தூக்கம்

"சாம்பார் சாதம் சாப்பிட்டா தூக்கம் வராதா?" என்று விட்டுவிடுவார்கள். சாப்பாடும் ஒரு காரணம்தான். ஆனால் அதே ஆட்கள் அதே சாப்பாட்டுக்கு அப்புறம் வராந்தாவில் நின்று தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால் கோளாறு அறையில் இருக்கிறது.

முதலில் ஒரு அவசரக் கேள்வி. தலைவலியும் குமட்டலும் ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில், அல்லது ஓடி முடிந்த கொஞ்ச நேரத்தில் மட்டும் பலருக்கும் ஒரே சமயத்தில் வருகிறதா? ஆமாம் என்றால் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள். எல்லோரையும் வெளியே அனுப்புங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள், புகைக்குழாய் எந்த ஜன்னலை, எந்தக் காற்று உள்வாங்கும் துளையைப் பார்த்து இருக்கிறது என்று டெக்னீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இல்லை என்றால் சாதாரணக் காரணம், காற்று மாறவில்லை. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தரும், அவ்வளவுதான். இது தெரியாத ஓனர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறையில் எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், கதவிடுக்கில் கசிகிற காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கார்பன் டை ஆக்சைடு 1000 பி.பி.எம்.மை (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) தொட்டுவிடும். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420தான். 1000 என்பது விஷம் இல்லை, அடுத்தவர் விட்ட மூச்சையே நாம் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான அளவுகோல்.

சோதனை இப்படி: மீட்டரை மேசை உயரத்தில், யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் வையுங்கள். கூட்டம் தொடங்கும்போது ஒரு அளவு, அரை மணி கழித்து ஒரு அளவு. 1000-க்குக் கீழேயே நின்றால் காற்று பிரச்சினை இல்லை, அடுத்த அறிகுறிக்குப் போங்கள். தாண்டினால்:

கதவைத் திறந்து வைத்து மறுபடி அளவெடுங்கள். இறங்கினால், கூட்டம் நடக்கும்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும், மணிக்கு ஒரு தடவை எல்லோரும் ஐந்து நிமிடம் வெளியே வரட்டும். செலவு ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்தும் இறங்கவில்லை என்றால் ஹால் முழுக்கவே காற்று பழசாகிவிட்டது என்று அர்த்தம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா, ஓடுகிறதா, அதன் வாயில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பிளேடில் அழுக்கு, அல்லது வெளிப்பக்கம் புறா கூடு கட்டியிருக்கிறது (இது சென்னையில் எவ்வளவு சாதாரணம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்). ஃபேன் நன்றாக இழுத்தும் பலன் இல்லையா? உள்ளே வர வழி இல்லாமல் காற்று எப்படி வெளியே போகும்? எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலை நாலு விரல் அளவு திறங்கள், வலை போட்டுக்கொள்ளுங்கள், டெங்குக் காலத்தில் அது அவசியம். அப்புறம் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த இடைவெளியில் பிடியுங்கள், புகை உள்நோக்கிச் சாய்ந்தால் வேலை முடிந்தது. ஸ்மோக் டிடெக்டர் பக்கத்தில் மட்டும் கொளுத்தாதீர்கள்.

கேசட் ஏசியோ (சீலிங்கில் பதித்தது) டக்ட் ஏசியோ (குழாய்வழி காற்று தருவது) இருந்தால் ஃப்ரெஷ் ஏர் டாம்பர் என்று, வெளிக்காற்றை உள்ளே விடும் மூடி ஒன்று இருக்கலாம். கரன்ட் மிச்சமாகும் என்று யாரோ எப்போதோ அதை மூடி வைத்திருப்பார்கள். திறக்கச் சொல்லுங்கள். கேசட்டில் அதற்கான துளை கம்பெனியிலிருந்து வரும்போதே அடைத்திருக்கும், பெரும்பாலான இடங்களில் அதை யாரும் திறப்பதே இல்லை.

இதற்கு மேல் ஆள் கூப்பிட வேண்டிய கட்டம். ஜன்னலே திறக்காத கண்ணாடிக் கட்டிடம் என்றால் தனியாக வெளிக்காற்று கொண்டுவரும் யூனிட் வேண்டும். சுமாராக ஆளுக்கு நிமிடத்துக்கு 15-லிருந்து 20 கன அடி வெளிக்காற்று என்று கணக்கு வைத்து ஹெச்.வி.ஏ.சி. (ஏசி, காற்றோட்ட வேலை) ஆளிடம் பேசுங்கள். வெளியேறும் குளிர்காற்றை வைத்து உள்ளே வரும் சூட்டுக்காற்றைக் கொஞ்சம் தணித்து அனுப்புகிற இ.ஆர்.வி. என்ற வகை இருக்கிறது, அதற்கும் விலை கேளுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது கரன்ட்டில் காசைத் திருப்பித் தரும். எண்ணைச் சொல்லாமல் "காத்து வரல சார்" என்று மட்டும் சொன்னால் இன்னொரு ஏசியை விற்றுவிட்டுப் போவார்கள்.

ஒரு மூலையில் சால்வை, இன்னொரு மூலையில் வியர்வை

ரிமோட்டுக்காக நடக்கிற சண்டை இது. ஒருத்தர் 18 வைப்பார், இன்னொருத்தர் ஓசைப்படாமல் 27 ஆக்குவார். ரிமோட்டை யாரிடமும் கொடுக்காமல் இதைப் படியுங்கள்.

மீட்டரை எடுத்துக்கொண்டு குளிர்கிறவர் மேசையில் ஒரு அளவு, வியர்க்கிறவர் மேசையில் ஒரு அளவு எடுங்கள். காலையில் ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை.

இரண்டு மேசைக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் காற்று பரவவில்லை. ஃபில்டரைக் கழுவுங்கள், ரோட்டோர ஆபீஸ்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினாலும் தகும். லூவரை (ஏசி வாயில் காற்றைத் திருப்பும் தகடு) ஆள் தலைமீது அடிக்காமல் மேலே திருப்புங்கள். ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பவரை இடம் மாற்றுங்கள், அதற்கு ஒரு நாற்காலியைத் தள்ளினால் போதும். பீரோவோ பார்ட்டிஷனோ காற்றை மறிக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி போட்ட பிறகு கேபின் கட்டியிருந்தால் இது கிட்டத்தட்ட நிச்சயம்.

மீட்டர் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைக் காட்டுகிறது, ஆனாலும் ஒருத்தருக்கு மட்டும் வியர்க்கிறது என்றால் அவர் மேற்குக் கண்ணாடிப் பக்கம் இருக்கிறாரா பாருங்கள். நாலு மணிக்கு அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வையுங்கள். சுட்டால் காரணம் கிடைத்துவிட்டது. காற்று 24 டிகிரியில் இருந்தாலும் அந்தக் கண்ணாடி தோசைக்கல் மாதிரி அவர் தோள்மீது சூட்டை வீசிக்கொண்டிருக்கிறது, இதை எந்த ஏசியாலும் தீர்க்க முடியாது. உள்ளே திரை போட்டால் கண்கூச்சம் குறையும், சூடு அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வெளியில் மறைக்க வேண்டும். மலிவாக வேண்டும் என்றால் மூங்கில் தட்டி, நிழல் வலை. கொஞ்சம் செலவு செய்தால் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் சாய்வுத் தகடு மறைப்பு. சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்டுவது என்றால் மட்டும் கண்ணாடிக்காரரைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், சில வகைக் கண்ணாடி ஃபிலிமோடு சூடேறி விரிசல் விடும்.

மேல்மாடி ஆபீஸா? சாயங்காலம் ஏழு மணிக்கு, வெயில் போன பிறகு, ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் மொட்டை மாடி பகல் முழுக்கக் குடித்த வெயிலை இப்போது உங்கள் தலையில் இறக்குகிறது. மாடியில் வெள்ளைப் பூச்சு, அதுவே போதும் பல இடங்களில். சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, என்ன, மழையில் போய்விடும், வருஷா வருஷம் பங்குனிக்குள் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயின்ட் அல்லது வெள்ளை டைல்ஸ் நிறைய நாள் நிற்கும். பழைய கட்டிடங்களில் தட்டோடு பதித்திருப்பார்கள், அது பெயர்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பூச்சுக்குக் கீழே தண்ணீர் இறங்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ரிமோட்டுக்கு வாருங்கள். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ரூம் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் விதி, ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் கரன்ட் மிச்சம் என்பதும் அவர்கள் கணக்குதான். என் பரிந்துரை 26-ம் ஒரு சீலிங் ஃபேனும். காற்று உடம்பில் பட்டால் இரண்டு டிகிரி குறைவாகத் தெரியும். குளிர்கிறவர் தன் பக்கத்து ஃபேனை நிறுத்திக்கொள்ளலாம், வியர்க்கிறவர் போட்டுக்கொள்ளலாம், ஆளுக்கொரு சுவிட்ச் வந்த அன்றே சண்டை பாதி அடங்கிவிடுகிறது.

ஃபில்டர் சுத்தம், லூவர் சரி, வெயில் மறைத்தாயிற்று, அப்படியும் ஏசி 26-க்கு இறங்கவில்லை என்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் "கேஸ் இல்ல, ரொப்பணும்" என்றால், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கேஸ் தானாகத் தீராது. கசிவை அடைக்காமல் ரொப்பினால் அடுத்த கோடைக்கும் அதே பில்தான்.

காலையில் திறந்தால் பூசண வாடை, சுவரில் கறை

ஐப்பசி பிறந்தால் இந்தப் புகார் வரிசையாக வரும்.

உள்ளே இருக்கும் ஈரப்பதத்தைப் பாருங்கள். 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்கு அது போதும்.

வாடை ஏசி போட்டவுடன் வருகிறதா? ஏசிக்குள் தண்ணீர் வடியும் ட்ரெயின் தட்டில் பாசி. கழுவுங்கள், ட்ரெயின் பைப்பின் வெளிமுனையில் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். ஏசி ஓடியும் சொட்டவில்லை என்றால் பைப் அடைத்திருக்கிறது, அந்தத் தண்ணீர் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செப்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு ஃபோம் கிழிந்திருந்தாலும் குழாய் வியர்த்து அதே கறை வரும், ஃபோம் விலை மிகக் குறைவு.

அறை சில்லென்று இருக்கிறது, ஆனால் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் அறைக்கு மீறின ஏசி. சீக்கிரம் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ட்ரை மோடில் ஓட்டிப் பாருங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒன்றரை டன் போதுமான இடத்தில் இரண்டு டன் வாங்குவதன் பலன் இது.

சுவர்க் கறைக்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது. கறைமீது ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் என்றால் சுவர்வழியாகத் தண்ணீர் வருகிறது, வெளிப்பக்க விரிசல், பக்கத்து பாத்ரூம், மேல்மாடிக் குழாய், இவற்றில் ஒன்று. தாளின் மேல்பக்கம், அறையைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால் அறைக்காற்றுதான் காரணம், சுவரை உடைக்க வேண்டாம். இதைச் செய்யாமல் பெயின்டரைக் கூப்பிட்டு மேலே பூசிவிட்டால் அடுத்த மழைக்குப் பெயின்ட் கொப்பளித்து நிற்கும்.

ஈரக்கறை பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மாதிரி தண்ணீரே உள்ளே வந்துவிட்டால் கார்ப்பெட், ஜிப்சம் போர்டு, பிளைவுட் இவை இரண்டு நாளுக்குள் காயவில்லையென்றால் தூக்கிப்போட வேண்டியதுதான். மேலே காய்ந்தமாதிரி தெரியும், உள்ளே பூசணம் இருக்கும். சென்னை ஆபீஸுக்குக் கார்ப்பெட் எதற்கு என்பதே என் கேள்வி.

கண் எரிச்சல், சாயங்காலத் தலைவலி

மானிட்டரை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். ஜன்னலோ ட்யூப்லைட்டோ அதில் தெரிந்தால், நாள் முழுக்க அந்த ஒளியோடு போராடித்தான் படிக்கிறீர்கள். மேசையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி போடுங்கள், முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். நான் பார்த்தவரை இது ஒன்றிலேயே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா பாருங்கள், கண் உலரும். அப்புறம் போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் எடுங்கள். திரையில் வெளிச்சம் துடித்தால் மலிவான எல்.இ.டி., மாற்றிவிடுங்கள். மேசையில் 300-லிருந்து 500 லக்ஸ் வெளிச்சம் போதும். அதற்காகக் கூரை முழுக்க விளக்கைக் கூட்டாமல் வேண்டியவர்களுக்கு ஒரு மேசை விளக்கு கொடுங்கள். எல்லாம் செய்தும் தொடர்ந்தால் கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள், கண்ணாடி பவர் மாறியிருக்கலாம்.

கழுத்து வலி, முதுகு வலி

லேப்டாப்பைக் குனிந்து பார்ப்பதுதான் முதல் சந்தேகம். ஏ4 பேப்பர் கட்டு ஒன்று ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். மூன்று கட்டை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, தனிக் கீபோர்டும் மவுஸும் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டும், திரை கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வலி குறைந்தால் ஸ்டாண்ட் வாங்கலாம், குறையவில்லை என்றால் பேப்பரைத் திருப்பி வைத்துவிடலாம்.

அடுத்தது கால். கடையில் வருகிற மேசை ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், நம் ஊரில் பல பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது உயரம். மேசைக்காக நாற்காலியை ஏற்றுவார்கள், கால் தொங்கும், தொடைக்கு அடியில் அழுத்தும், முதுகு நாற்காலியில் சாயாது. மரப்பலகை ஒன்றைக் காலுக்கு வைத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். நாற்காலி வாங்கும் பட்ஜெட்டை இதற்கு அப்புறம் யோசியுங்கள்.

கடை, ஷோரூம் என்றால் கேள்வியே வேறு: உட்கார இடம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2021-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும். ஸ்டூலைக் கிடங்கில் வைத்துவிட்டு "இருக்கு சார்" என்று சொல்வது கணக்கில் வராது.

கை மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது, பிடி தளர்வது என்றால் நாற்காலி வேலையை நிறுத்திவிட்டு டாக்டரிடம். சிறுநீரை அடக்க முடியாமல் போனால், அல்லது திடீரென்று போகவே வரவில்லை என்றால், உடனே எமர்ஜென்சி.

தண்ணீர் கேன் மீந்துபோகிறது

இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை, நீங்களாகத்தான் கவனிக்க வேண்டும். ஆள் எண்ணிக்கைக்குக் கேன் செலவு மிகக் குறைவாக இருந்தால், கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். சித்திரை வெயிலில் இது எவ்வளவு கொடுமை. ஹெச்.ஆர். மூலம் கேட்டால் பதில் வராது. சீனியர் அக்கா ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் பட்டியல் வரும்: தாழ்ப்பாள் சரியில்லை, மூடி போட்ட குப்பைக்கூடை இல்லை, காலையில் ஒருமுறை கழுவினால் அவ்வளவுதான், மாலையில் தண்ணீர் வருவதில்லை.

கழுவியும் நாறுகிறதா? தரையில் இருக்கும் ட்ராப்பில் (வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் தண்ணீர் வற்றினால் சாக்கடைக் காற்று மேலே வரும், வாரக் கடைசியில் பூட்டி வைத்த ஆபீஸில் திங்கட்கிழமை வருகிற நாற்றம் பெரும்பாலும் இதுதான். ஊற்றியும் போகவில்லை என்றால் பிளம்பர்.

தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால் குழாய் முனையில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் வலை மூடி) மாட்டுங்கள். ஏசி ட்ரெயின் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடியுங்கள், ஒரு ஏசியே நாளைக்குப் பல லிட்டர் தரும், தரை துடைக்க ஆகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறந்துவிட வேண்டாம்.

ஹாலில் ஒருத்தர் போன் பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது

நடு ஹாலில் நின்று கை தட்டுங்கள். கணீரென்று திரும்பிக் கேட்டால் டைல்ஸ், கண்ணாடி, வெறும் சுவர் எல்லாம் சேர்ந்து சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன. போன் பேசுகிற டீமையும் கணக்கு எழுதுகிற டீமையும் பிரித்து உட்காரவையுங்கள், பிரின்டரை மூலைக்குத் தள்ளுங்கள், கனமான திரை போடுங்கள். அப்புறம்தான் சீலிங்குக்குச் சத்தத்தை உறிஞ்சும் அக்கூஸ்டிக் பேனல்.

இ.பி. பில் ஏறிக்கொண்டே போகிறது

மேலே சொன்ன வெயில் மறைப்பும் 26 டிகிரியும் செய்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, ராத்திரி பூட்டும்போது மீட்டர் ரீடிங், காலையில் திறக்கும்போது ரீடிங். யாருமே இல்லாத நேரத்தில் ஓடின யூனிட் அது. சர்வர் ரூம் ஏசி 18-ல், சூடு தண்ணீர் டிஸ்பென்சர், அணைக்காத போர்டு விளக்கு, எல்லாம் இதில் வரும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கிற இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுற்றளவில் ஓடும், பழசு ரிப்பேருக்கு வரும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ராத்திரி யூனிட் குறைந்தும் பில் குறையவில்லை என்றால் பி.இ.இ. சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர் இருக்கிறார்கள், கூப்பிடலாம்.

புது இடம் பார்க்கப் போகிறீர்களா

அப்படியானால் மேலே உள்ள எல்லாவற்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சோதிக்கலாம். புரோக்கர் காலை பத்து மணிக்குக் கூட்டிப்போவார், நீங்கள் மாலை நாலு மணிக்குப் போங்கள். மேற்குக் கண்ணாடியைத் தொடுங்கள். ஜன்னல் உண்மையில் திறக்கிறதா என்று திறந்தே பாருங்கள். கழிப்பறைக்குள் போய் ஃப்ளஷ் செய்யுங்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, மழைநீர் சேகரிப்புக் குழி அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், 2003-லிருந்தே இங்கே எல்லாக் கட்டிடத்துக்கும் அது கட்டாயம். எதிர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, கடைசியாகத் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள், அவர் கையால் காட்டுவார். பிறகு அக்ரிமென்ட் எழுதும்போது, வெளிக்காற்றுக் குழாய்க்காக வெளிச்சுவரில் துளை போடவும் மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்கவும் ஓனரின் சம்மதத்தை அதிலேயே ஒரு வரியாக வாங்கிவிடுங்கள். குடிபோன பிறகு கேட்டால் கிடைக்காது.